கட்டைவிரல் நிற்கக் கூடாது

சர்ச் கொயரில் இருபது வருஷத்துக்கும் மேலாக கிட்டார் வாசிக்கிறேன். வாசித்தது முழுக்க ஸ்ட்ரம்மிங். பிக் என்கிற சின்னத் துண்டைப் பிடித்து மேலும் கீழும் வீசினால் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்கள்) வந்துவிடும், மிச்சத்தை கீபோர்டும் டிரம்ஸும் பார்த்துக்கொள்ளும். கன்வென்ஷன் மேடையில் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது நான் வாசிப்பது எனக்கே கேட்காது. கல்லூரியில் கற்ற ஏழெட்டு கார்டை வைத்துக்கொண்டே கல்யாணம், ஞானஸ்நானம், அசனப் பண்டிகை எல்லாம் ஒப்பேற்றியாகிவிட்டது.

பெரிய வெள்ளி மட்டும் வேறு. எங்கள் சபையில் அன்றைக்கு டிரம்ஸ் கிடையாது, கீபோர்டும் பெயருக்குத்தான். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை நடக்கும் ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு நடுவே பாடுகிற பாட்டுகளுக்கு ஒற்றை கிட்டார் போதும் என்று ஐயர், எங்கள் சபைப் போதகர், சொல்லிவிட்டார். அந்த அமைதியில் பிக்கால் வீசினால் சத்தம் முகத்தில் அடிக்கிறது. மெதுவாக வீசினால் பாட்டு தொய்கிறது. சரி, விரலால் வாசிக்கப் பழகிவிடலாம் என்று இறங்கினேன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். ராத்திரி விடைத்தாள் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

யூட்யூபில் தேடினால் முதலில் வந்து நிற்பது ட்ராவிஸ் பிக்கிங். சமாச்சாரம் சின்னதுதான். மெல்லிய கம்பி ஒன்றாவது, தடித்த கம்பி ஆறாவது. தடித்த கம்பிகள் கட்டைவிரலுக்கு. மெல்லிய கம்பிகள் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும். கட்டைவிரல் தட்டுக்கு ஒரு முறை பேஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரே கம்பியை அல்ல, இரண்டு கம்பிகளுக்கு இடையே மாறி மாறி. சி கார்டு என்றால் ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு. ஜி என்றால் ஆறு, நான்கு, ஆறு, நான்கு. டி கார்டுக்கு நான்கு, மூன்று. விரல் இரண்டும் அந்தத் தட்டுகளுக்கு நடுவே புகுந்து மெல்லிய கம்பிகளை மேல்நோக்கிச் சுண்டும். ராக்டைம் என்கிற பழைய அமெரிக்க இசை வாசிக்கிற பியானோக்காரரின் இடது கை செய்கிற வேலையை இங்கே கட்டைவிரல் செய்கிறது, வலது கை வேலையை விரல்கள் செய்கின்றன. ஒரே கையில் இரண்டு ஆட்கள்.

எழுதினால் பத்து வரி. கை அதற்கு ஒத்துக்கொள்வதுதான் பாடு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிறந்ததிலிருந்து சேர்ந்தே வேலை பார்த்தவை. பேனா பிடிப்பது, பூத்தொடுப்பது, மீனில் முள் எடுப்பது எதற்கும் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். இப்போது திடீரென்று தனித்தனியாகப் போ என்றால் போகுமா? ஆள்காட்டி விரல் கம்பியைச் சுண்டும்போதெல்லாம் கட்டைவிரல் ஒரு நொடி நின்று வேடிக்கை பார்க்கிறது. அல்லது இரண்டும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. வீடியோவில் அந்த ஆள் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார்.

இதற்கு வழி சொன்னது பக்கத்து வீட்டு மாமி. மாமி வீணை டீச்சர். எங்கள் அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் கூடம். பிள்ளைகள் சரளி வரிசை வாசிப்பது நான் ரசம் வைக்கும்போது கேட்கும். நான் "ஒன் அண்ட் டூ அண்ட்" என்று எண்ணுவது அவருக்குக் கேட்டிருக்கிறது. ஒருநாள் மாடியில் வத்தல் காயப்போட வந்தவர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அது என்ன ஒன் அண்ட் டூ அண்ட்னு மென்னு முழுங்கிண்டிருக்கே? அந்த அண்டு எங்கே விழறதுன்னு உனக்கே தெரியலை. தகதிமி தகஜணுன்னு வாயால சொல்லிண்டு வாசியேன். வாய் சொன்னா விரல் கேக்கும்."

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்தேன். த, க, தி, மி, த, க, ஜ, ணு. எட்டு எழுத்து. கட்டைவிரலுக்கு ஒன்று விட்டு ஒன்று: த, தி, த, ஜ. மீதி நான்கும் விரல்களுக்கு. எல்லாரும் முதலில் பழகுகிற பேட்டர்னை இதில் வைத்துப் பார்த்தால் இப்படி வருகிறது. முதல் 'த'வில் கட்டைவிரல் ஐந்தாம் கம்பியையும் நடுவிரல் ஒன்றாம் கம்பியையும் சேர்த்துக் கிள்ளும். அடுத்த 'க'வில் ஒன்றுமில்லை, சும்மா விட வேண்டும். 'தி'யில் கட்டைவிரல் நான்காம் கம்பி. 'மி'யில் ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பி. இரண்டாவது 'த'வில் மறுபடி கட்டைவிரல் ஐந்தாம் கம்பிக்கு. 'க'வில் நடுவிரல் ஒன்றாம் கம்பி. 'ஜ'வில் கட்டைவிரல் நான்கு. 'ணு'வில் ஆள்காட்டி விரல் இரண்டு. மறுபடி முதல் 'த'.

அந்த முதல் 'க' சும்மா இருக்கிறதே, பாட்டு மூச்சு விடுவது அங்கேதான். அதையும் நிரப்பிவிட்டால் தையல் மெஷின் சத்தம்தான் மிஞ்சும். வாயால் சொல்லும்போது அந்த 'க'வைக் கொஞ்சம் விழுங்கிச் சொன்னால் கை தானாகச் சும்மா இருக்கிறது. மெட்ரோனோம் ஆப்பில் நிமிஷத்துக்கு 50 தட்டு வைத்து ஆரம்பித்தால் போதும். நிறைய பேர் நேரே 90க்குப் போய் அங்கேயே தடுக்கிக்கொண்டு கிடக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமி வீட்டுக்கே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசித்துக் காட்டியதும் மாமி கிட்டாரைப் பார்க்கவில்லை, என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீணையை மடியில் வைத்து எனக்குக் காட்டினார். வீணையில் ஏழு கம்பி. நான்கு மேலே, மெட்டுகள் என்கிற குறுக்குக் கம்பிகளின் மீது போகிறது: சாரணி, பஞ்சமம், மந்தரம், அநுமந்தரம். பாட்டு அதில்தான். பக்கவாட்டில் மூன்று தாளக் கம்பி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலே பாட்டை மீட்டும்போது சுண்டு விரல் பக்கத்துக் கம்பிகளை மேல்நோக்கிச் சுண்டித் தாளம் காட்டிக்கொண்டே இருக்கும்.

"நீ கட்டை விரல்ல போடறதை நாங்க சுண்டு விரல்ல போடறோம். அவ்ளோதானே விஷயம்? இதுக்கு எதுக்கு அமெரிக்காக்காரன் வீடியோ?"

அவ்வளவுதான் விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். வீணையில் தாளக் கம்பிக்கு இடது கை வேலை இல்லை, கிட்டாரில் கார்டு மாறும்போதெல்லாம் கட்டைவிரல் கம்பியை மாற்ற வேண்டும். ஆனாலும் மாமி கேட்ட அடுத்த கேள்வி இருக்கிறதே, அதை எந்த வீடியோவிலும் நான் கேட்கவில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "உங்க வீட்ல இன்னிக்கு என்ன குழம்பு?" நான் "கத்திரிக்காய்" என்று சொன்னேன், கட்டைவிரல் நின்றுவிட்டது. "அது நிக்காம பதில் சொல்ற வரைக்கும் விரல் பக்கம் போகாதே," என்றார்.

அதற்குப் பிறகு நான் விரல்களையே மறந்துவிட்டேன். வெறும் கட்டைவிரல். ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு. டிவியில் செய்தி ஓடும்போது, மகன் ஹோம்வொர்க் சந்தேகம் கேட்கும்போது, போனில் அக்காவோடு பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு. வீட்டில் இதற்கு வரவேற்பு இல்லை. "என்னத்தையோ டொம் டொம்னு தட்டிக்கிட்டே இருக்கியே, பாட்டு எப்ப வரும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மகன் ஹெட்போன் வாங்கித் தரக் கேட்டான், எனக்கு இல்லை, அவனுக்கு. ஆனால் ஒரு கட்டத்தில் அது நடக்கத்தான் செய்கிறது. கிரைண்டர் ஓடும்போது அந்தச் சத்தம் நம் காதிலேயே விழாது, நின்றால்தான் திரும்பிப் பார்ப்போம் இல்லையா, கட்டைவிரல் அந்த நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆள்காட்டி விரலை எங்கே வைத்தாலும் அது பேட்டர்ன்தான்.

இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் குறுக்கே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டு எழுத்து, எட்டு இடம். கட்டைவிரல் எப்போதும்போல் த, தி, த, ஜ. இப்போது ஒவ்வொரு இடத்திலும் விரல்களுக்கு மூன்று வாய்ப்பு: ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், ஆள்காட்டி விரல் சுண்டலாம், நடுவிரல் சுண்டலாம். எட்டு இடத்துக்கும் சேர்த்து மூன்றின் எட்டாம் அடுக்கு. 6,561. இரண்டு விரலும் ஒன்றாகச் சுண்டலாம் என்று நான்காவது வாய்ப்பையும் சேர்த்தால் 65,536. ஒரு விரல் ஒரே கம்பியில்தான் நிற்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. கம்பியும் மாறலாம் என்றால் போர்டில் இடம் போதாது. "டாப் 10 பேட்டர்ன்கள்" என்று போடுகிற வீடியோக்களை நான் பார்ப்பதை விட்டது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான். 65,536ல் பத்தை மனப்பாடம் செய்து என்ன ஆகப்போகிறது? இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருப்பது ஒன்றே ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டால் போதுமே. வாய்ப்பாடு தெரியாமல் ஒவ்வொரு கணக்கின் விடையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன், அந்த எரிச்சலும் இதில் இருக்கிறது.

யாருடைய பேரை இந்த முறைக்கு வைத்திருக்கிறார்களோ அந்த மெர்ல் ட்ராவிஸ்கூட பேட்டர்ன் எதையும் வாசிக்கவில்லை. 1917ல் கென்டக்கி மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ம்யூலன்பர்க் கவுண்டியில் பிறந்தவர், 1983ல் இறந்தார். அவர் வாசிக்கும் பழைய படங்களைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, வலது கையில் இரண்டே விரல் வேலை செய்வதுதான். பிக் மாட்டிய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். மிச்ச விரல்கள் கிட்டார் பலகையில் ஊன்றி நிற்கின்றன. உள்ளங்கையின் அடிப்பகுதி பிரிட்ஜ் (கம்பிகளின் அடி முனையைத் தாங்குகிற கட்டை) பக்கத்தில் பேஸ் கம்பிகளை லேசாக அமுக்கிக்கொண்டிருப்பதால் பேஸ் நீளாமல் 'டப் டப்' என்று முடிகிறது, பாட்டு மேலே தனியாக ஒலிக்கிறது. ஒரே பேட்டர்னை அடுத்தடுத்துத் திருப்பி வாசிக்கிறாரா என்று உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். இல்லை. பாட்டின் ஸ்வரம் எங்கே விழுகிறதோ அங்கே ஆள்காட்டி விரல் விழுகிறது. கட்டைவிரல் மட்டும் அதன் பாட்டுக்குப் போகிறது.

அது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. அதே ஊர்ப்பக்கத்து மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்கிற இரண்டு பேர் வாசிப்பதைப் பார்த்துக் கற்றார். இரண்டு பேரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு அது கென்னடி ஜோன்ஸ் என்பவரிடமிருந்து வந்தது. ஜோன்ஸுக்கு வந்த வழிகளில் ஒன்று ஆர்னால்ட் ஷுல்ட்ஸ், அடிமையாக இருந்தவரின் மகன், கறுப்பினத்து கிட்டார் கலைஞர், ஊர் ஊராகப் போய் வாசித்தவர். பிற்காலத்தில் ப்ளூகிராஸ் என்கிற அமெரிக்க இசையின் தந்தை என்று பேர் வாங்கிய பில் மன்ரோ, சிறுவனாக இருந்தபோது இவரோடு நடன விருந்துகளில் வாசித்திருக்கிறார். ஷுல்ட்ஸ் 1931ல் இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு பதிவுகூடக் கிடையாது. அந்தக் கட்டைவிரல் எப்படிப் போயிற்று என்று இன்றைக்கு யாரும் கேட்க முடியாது. டேப் பேப்பர் (எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று எண்ணால் காட்டுகிற தாள்) விற்கிறவர்கள் இந்தப் பேரை ஒரு வரியாவது போடலாம்.

எனக்குப் பிடித்த கதை அமெரிக்க கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸுடையது. பையனாக இருக்கும்போது சின்சினாட்டியின் டபிள்யூஎல்டபிள்யூ வானொலியில் ட்ராவிஸ் வாசிப்பதைக் கேட்கிறார். வானொலியில் கை தெரியுமா? இத்தனை சத்தம் வர வேண்டுமானால் பல விரல் வேண்டும் என்று தானாக முடிவு செய்து, கட்டைவிரலோடு இன்னும் மூன்று விரலைச் சேர்த்துப் பழகிவிட்டார். ட்ராவிஸ் ஒரே ஒரு விரலைத்தான் சேர்த்துக்கொள்கிறார் என்பது பிறகுதான் தெரிகிறது. அதற்குள் அட்கின்ஸுக்கு என்று ஒரு பாணியே உருவாகிவிட்டது. அவர் காலத்தில் யூட்யூப் இருந்திருந்தால் இரண்டாவது ட்ராவிஸ் ஒருவர்தான் கிடைத்திருப்பார்.

இத்தனையும் சொல்லிவிட்டு எலிசபெத் காட்டனைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. விரலால் வாசிக்கப் பழகுகிற எல்லாருக்கும் முதலில் கொடுக்கிற பாட்டு இவருடையதுதான், 'ஃப்ரெய்ட் ட்ரெயின்'. வட கரோலினாக்காரர். சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் 3.75 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். இடது கைக்காரர், கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். இப்போது தடித்த கம்பிகள் கீழே, மெல்லியவை மேலே. எனவே பேஸை ஆள்காட்டி விரல் வாசிக்கிறது, பாட்டைக் கட்டைவிரல் வாசிக்கிறது! அந்தப் பாட்டுக்கு இணையத்தில் கிடைக்கிற பாடங்கள் பெரும்பாலும் கட்டைவிரல் பேஸ், விரல் பாட்டு என்று ஆரம்பிக்கின்றன. எழுதியவர் கையில் அது நேர் எதிர். பாட்டை எழுதும்போது அவருக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது. நடுவே எத்தனையோ வருஷம் கிட்டாரைத் தொடவே இல்லை. பிறகு இசைக் குடும்பமான சீகர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து வாசிக்கப்போய், 1958ல் முதல் இசைத்தட்டு வந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1987ல் காலமானார். நாற்பதுக்கு மேல் இனி என்னத்தைக் கற்பது என்று யாராவது சொன்னால் நான் இவருடைய படத்தைக் காட்டுவேன்.

மாமியிடம் இந்தத் தலைகீழ் விஷயத்தைச் சொன்னேன். "எந்த விரல்னு யார் கேட்டா? ஒண்ணு நிக்காம போகணும், அவ்ளோதான்," என்றார்.

இனி என் கைக்கு வந்த தொல்லைகள். இதை யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

முதலில் நகம். நகத்தால் வாசித்தால் ஓசை பளிச்சென்று வரும், சதையால் வாசித்தால் கொஞ்சம் மங்கி வரும். வலது கையில் நகம் வளர்த்துப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் ஒரே நாளில் கதையை முடித்துவிட்டது. சாக்பீஸ் பொடியில் நகம் வறண்டு விளிம்பு உரிகிறது, உரிந்த விளிம்பு கம்பியில் மாட்டுகிறது. விட்டுவிட்டேன். இப்போது விரல்கள் சதையில்தான், கட்டைவிரலுக்கு மட்டும் பிளாஸ்டிக் தம்ப் பிக். கடையில் கிடைக்கிற தம்ப் பிக் பெரும்பாலும் ஆம்பிளை விரலுக்கு. எனக்குக் கழன்று கழன்று விழும். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் இளகும், உடனே விரலில் மாட்டி இறுக்கிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் நம் விரல் அளவுக்கு நின்றுவிடும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், ஒரேயடியாகக் கோணிவிடும். விரலும் வெந்துவிடும்.

அடுத்தது கம்பியின் உயரம். என்னுடையது யமஹா எஃப்310, கொயர் பிள்ளைகள் பாதிப் பேரிடம் இருக்கிற அதே மாடல். வாங்கினபோது இருந்த மாதிரியே வைத்திருந்தேன். ஸ்ட்ரம்மிங்குக்கு அது தெரியவில்லை. விரலால் வாசிக்கும்போது இடது கை ஒவ்வொரு கம்பியையும் சுத்தமாக அழுத்த வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு கம்பி 'டக்' என்று செத்துப்போவது அப்பட்டமாகத் தெரியும். பிரிட்ஜில் கம்பி ஏறி உட்கார்ந்திருக்கிற வெள்ளைத் துண்டு இருக்கிறதே, சேடில், அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். எவ்வளவு? பன்னிரண்டாம் ஃப்ரெட் (வீணையில் மெட்டு மாதிரி) கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் நடுவில் இறங்குவது அரை மில்லிமீட்டர்தான். ஒத்த முக்கோணம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆக, நடுவில் அரை மில்லி குறைய வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மில்லி போக வேண்டும். உப்புத் தாளைச் சமமான கண்ணாடி மேல் ஒட்டிவைத்து, சேடிலில் பென்சிலால் கோடு போட்டு, கோடு வரைக்கும் தேய்த்தேன். கோட்டைத் தாண்டினால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், போனது திரும்பி வராது. கொஞ்சம் தேய்ப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி கழற்றுவது என்று ஒரு சனிக்கிழமை போயிற்று. வகுப்பில் இந்தக் கணக்கைச் சொன்னேன், பின் பெஞ்சுப் பையன் ஒருவன் மறுநாள் தன் கிட்டாரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மூன்றாவது எஃப் கார்டு. இது பழைய எதிரி. காட்டன் பாட்டில் சி, ஜி7, இ7, எஃப், நான்கே கார்டுதான், ஆனால் இ7ல் இருந்து எஃப்புக்குப் போகிற இடத்தில்தான் பாட்டே திரும்புகிறது. ட்ராவிஸ் மாதிரி ஆட்கள் இடது கைக் கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து ஆறாம் கம்பியை அழுத்திவிடுகிறார்கள். என் கைக்கு அது எட்டாது. முழு பார் போட்டால், அதாவது ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்தினால், கை இறுகி, அந்த இறுக்கம் வலது கைக்குப் போய், கட்டைவிரல் தடுமாறும். அதனால் தடித்த இரண்டு கம்பியையும் (ஆறு, ஐந்து) விட்டுவிட்டு, நான்காம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் ஆரம்பிக்கிற சின்ன எஃப். கட்டைவிரல் நான்கு, மூன்று, நான்கு, மூன்று. பேஸ் கொஞ்சம் மெலிகிறது, இருக்கட்டும். கையின் இறுக்கத்தைவிட அது தேவலை.

பெரிய வெள்ளிக்கு வாசித்தாயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் சபையில் அதுதான் பாராட்டு. பாமாலைப் பாட்டுகள் இந்த முறைக்கென்றே செய்தது மாதிரி உட்காருகின்றன. அவை மேற்கத்திய மெட்டு, நான்கு குரலுக்கு எழுதியது, ஒவ்வொரு தட்டிலும் கார்டு எங்கே மாறுகிறது என்று தெளிவாக இருக்கும். பேஸ் குரலை அப்படியே கட்டைவிரலுக்குக் கொடுத்துவிடலாம்.

கீர்த்தனைதான் மல்லுக்கு நிற்கிறது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து நம்முடைய கீர்த்தனைகள் ராகம், தாளத்தில் வந்தவை, கார்டு என்கிற ஒன்றை நினைத்து எழுதியதில்லை. கொயர்களில் எப்படியோ ஒரு மைனர் கார்டைத் தேடிப்பிடித்து வீசிவிடுகிறோம், ராகம் அங்கேயே பாதி போய்விடுகிறது. கார்டே மாற்றாமல், கட்டைவிரலை சுருதிக்கு மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தேன். ஆறாம் கம்பியை 'இ'யில் இருந்து 'டி'க்கு இறக்கினேன். கிட்டார்காரர்களுக்குப் பழக்கமான ட்யூனிங்தான், ட்ராப் டி. இப்போது தடித்த மூன்று கம்பிகளும் டி, ஏ, டி. இரண்டு கட்டைச் சுருதியில், அதாவது டியை ஸ என்று வைத்துப் பார்த்தால் ஸ, ப, மேல் ஸ.

மாமியிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு எழுந்துபோய் வீணையின் பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டினார். ஸ, ப, ஸ. "இதைத்தானே நீ அதில கட்டியிருக்கே," என்றார். மூன்று கம்பியும் கட்டைவிரலுக்கு, இடது கை அந்தப் பக்கமே போக வேண்டாம், மீதி மூன்று கம்பி முழுக்கப் பாட்டுக்கு. கார்டு மாற்றுகிற வேலையே இல்லாததால் கட்டைவிரல் நிற்கக் காரணமே கிடையாது. ஆதி தாளத்துக் கீர்த்தனை ஒன்றைப் பல்லவி மட்டும் இப்படி வாசிக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாமி அவ்வளவு சுலபத்தில் விடுவாரா? "தாளம் வந்துடுத்து. காந்தாரம் ஏன் மொட்டையா நிக்கறது? கொஞ்சம் அசையட்டுமே."

காந்தாரம் என்றால் 'க' ஸ்வரம். வீணையில் கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்வரம் ஏறி இறங்கும், கமகம் வரும். என் கிட்டாரில் 12 கேஜ் செட், ஒன்றாம் கம்பி ஒரு இஞ்சில் ஆயிரத்தில் 12 பங்கு கனம். மூன்றாம் கம்பி இன்னும் மோசம், மேலே வெண்கலம் சுற்றியது, இழுத்தால் விரல்தான் வலிக்கிறது, ஸ்வரம் அசையவில்லை. காந்தாரம் வேறு அந்தக் கம்பியில்தான் வந்து விழுகிறது. விரலை ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனால் ஓரளவு ஜாரு வருகிறது, அசைவு வரவில்லை. காந்தாரத்தை இரண்டாம் கம்பிக்கு மாற்றி, செட்டையும் 11க்கு இறக்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஓசை கொஞ்சம் மெலியும், சேடிலையும் மறுபடி பார்க்க வேண்டிவரும். விடைத்தாள் கட்டு முடிந்ததும் ஜங்ஷன் பக்கம் போய் ஒரு செட் வாங்கி வர வேண்டும்.